குட்டியைத்தான் வாங்க வேண்டுமா?

‘லேப்ரடார், ஆண், இரண்டு வயது. எல்லா ஊசியும் போட்டாச்சு. குழந்தைகளோடு நன்றாகப் பழகும். வெளிநாடு போவதால் நல்ல வீட்டுக்குக் கொடுக்கிறோம். இலவசம்.’ அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில் இப்படியொரு அறிவிப்பைப் பார்க்காதவர்கள் குறைவு. இனம் மாறும், சொல்லப்படும் காரணம் மாறும். நாயின் வயது மட்டும் பெரும்பாலும் ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் இருக்கும்.

அந்த வயதுக்குக் காரணம் உண்டு. இரண்டு மாதத்தில் மடியில் தூங்கிய குட்டி, எட்டு மாதத்தில் செருப்பையும் சோபாவையும் குதறும். ஒரு வயதில் முப்பது கிலோ எடையோடு, பிடித்திருப்பவரையும் இழுத்துக்கொண்டு ஓடும். அதற்குள் பிள்ளைகளின் ஆசை தீர்ந்திருக்கும். காலையும் மாலையும் நடக்கக் கூட்டிப்போகும் வேலை அம்மாவின் தலையில் விழுந்திருக்கும். கீழ்வீட்டுக்காரர் சங்கத்தில் புகார் கொடுத்திருப்பார். அப்போது வருகிறது மேலே சொன்ன அறிவிப்பு. ஆள் கிடைக்கவில்லை என்றால் ஏதாவதொரு காப்பகத்தின் வாசல். அங்கும் இடமில்லை என்றால், இரவில் புறவழிச் சாலையில் காரை நிறுத்தி இறக்கிவிடுவது வரை போகிறது.

அதே வாரம், அடுத்த பிளாக்கில் ஒருவர் லேப்ரடார் குட்டிக்கு முன்பணம் கட்டியிருப்பார். இரண்டு வயது நாய் ஒன்று இங்கேயே இருக்கிறதே என்றால், ‘குட்டியிலிருந்து வளர்த்தால்தான் நம்மிடம் ஒட்டும்’ என்பார். இந்த ஒரு நம்பிக்கையின் மேல்தான் குட்டி வியாபாரம் முழுவதும் நிற்கிறது.

ஜாதி நாய்தான் வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள், முக்கியமாக முதன்முறையாக நாய் வளர்க்கப்போகும் நகரவாசிகள், குட்டியை விட்டுவிட்டு வளர்ந்த நாயைத் தேட வேண்டும் என்பது என் வாதம். தெருவில் பிறந்த நாட்டு நாயைத் தத்தெடுப்பது இன்னும் நல்லது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், குறிப்பிட்ட இனத்தின் மேல் ஆசை வைத்தவர் எப்படியும் அதைத்தான் வாங்கப்போகிறார். அவருக்காகப் புதிதாக ஒரு குட்டி பிறக்க வேண்டியதில்லை. அவருக்கு ஏற்ற நாய் ஏற்கெனவே பிறந்து, வளர்ந்து, வீடில்லாமல் இருக்கிறது.

ஒட்டாதா?

வளர்ந்த நாய் புது மனிதரிடம் ஒட்டாது என்பதற்குப் பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களே மறுப்பு. 1929-ல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் ‘சீயிங் ஐ’ போன்ற அமைப்புகளில், குட்டியை முதல் ஓராண்டு ஒரு தன்னார்வலர் குடும்பம் வளர்க்கிறது. பிறகு அது பயிற்சியாளரிடம் போகிறது. ஏறத்தாழ இரண்டு வயதில்தான், அதுவரை முன்பின் பார்த்திராத பார்வையற்றவரின் கைக்குப் போய்ச் சேர்கிறது. போக்குவரத்து நெரிசலில் ஒரு மனிதர் தன் உயிரை நம்பி ஒப்படைக்கும் அளவுக்கு உறவு, மூன்றாவது கைக்குப் போன பிறகு வளர்கிறது. தினமும் சோறு போட்டு, நடக்கக் கூட்டிப்போகும் ஒரு குடும்பத்திடம் இரண்டு வயது லேப்ரடார் ஒட்டாமல் போக என்ன இருக்கிறது?

குட்டிப் பருவம் முக்கியமானதுதான். பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் மூன்று மாதம் வரை நாய் எதைப் பார்த்துப் பழகுகிறதோ, அதைப் பிற்காலத்தில் இயல்பாக எடுத்துக்கொள்ளும். குழந்தைகள், பைக் சத்தம், அந்நியர்கள், மற்ற நாய்கள் என எல்லாவற்றையும் அந்தச் சில வாரங்களில் பக்குவமாக அறிமுகப்படுத்த வேண்டும். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போய், பகல் முழுவதும் குட்டியைப் பால்கனியில் கட்டிவைக்கும் வீட்டில் இது நடக்காது. அந்தப் பருவத்தை வீணடித்துவிட்டு, பிறகு ‘நாய் கடிக்கிறது’ என்று கைவிடுவதைவிட, அதை நல்லபடியாகக் கடந்துவிட்ட நாயை எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இனம் சொல்லாதது

லேப் என்றால் சாது, அல்சேஷன் என்றால் காவல், பொமரேனியன் என்றால் குரைப்பு என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடம் கேட்டறிந்து, சுமார் 2,000 நாய்களின் மரபணுத் தொடரையும் ஆராய்ந்த ஓர் ஆய்வு 2022-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. தனித்தனி நாய்களின் நடத்தையில் காணப்படும் வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தைத்தான் இனத்தைக் கொண்டு விளக்க முடிகிறது என்றது அது. மீதியெல்லாம் அந்தந்த நாயின் பிறவிக் குணம், வளர்ப்பு, அனுபவம். ஆக, குட்டியை வாங்குகிறவர் இனத்தின் பெயரை நம்பி ஒரு ஊகத்தை வாங்குகிறார். வளர்ந்த நாயிடம் ஊகத்துக்கு வேலை குறைவு. குழந்தைகளைச் சகித்துக்கொள்ளுமா, தனியே விட்டால் ஊளையிடுமா, பூனையைக் கண்டால் என்ன செய்யும் என்பதெல்லாம் நேரில் பார்த்தும் கேட்டும் தெரிந்துகொள்ளலாம்.

உடல்நலத்திலும் இதே கதை. லேப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வருவது சகஜம். குட்டியின் நடையைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. இரண்டு வயதுக்குப் பிறகு எடுக்கும் எக்ஸ்ரேயை வைத்துத்தான் அமெரிக்காவில் இடுப்புக்குச் சான்றிதழ் தருகிறார்கள். அந்த இனத்தில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு, பசி அடங்காமல் செய்யும் மரபணு மாற்றம் இருப்பதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-ல் கண்டறிந்தார்கள். தட்டு காலியான பிறகும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் லேப், பட்டினி கிடந்த நாயாக இருக்க வேண்டியதில்லை. நம்முடைய ராஜபாளையத்தில் பிறவிக் காது கேளாமை ஒரு தெரிந்த குறை. தூய வெள்ளை நிறத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததோடு சேர்ந்து வந்தது அது. கூட்டமாக விளையாடும் குட்டிகளில் செவிடானது எது என்று பிரித்தறிவது கடினம். வளர்ந்த நாயின் பின்னால் நின்று ஒருமுறை கைதட்டினால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

விளம்பரம் வளர்த்த ஆசை

2003-ல் ஹட்ச் செல்பேசி விளம்பரத்தில் சிறுவன் பின்னால் ஓடிய பக் நாய், அந்த இனத்தை நாடு முழுக்க வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. நாய்க்கு உடம்பு முழுவதும் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள முடியும். தட்டையான முகமும் குறுகிய மூக்குத் துவாரமும் கொண்ட பக்குக்கு அந்த மூச்சே பாடு. அக்னி நட்சத்திரத்தில் நண்பகலில் சிறிது நேரம் வெளியே நின்றாலே அதன் உயிருக்கு ஆபத்தாகலாம். பனிப் பிரதேசத்தில் ஸ்லெட்ஜ் இழுக்க உருவான ஹஸ்கிக்கு இரட்டை அடுக்கு ரோமம். அதற்குச் சென்னை வாழ்க்கை என்பது ஏசி அறைக்குள் அடைபடும் வாழ்க்கை. தமிழ்நாடு அரசு 2024-ல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, பக், ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் உள்ளிட்ட அயல் இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்றது. எதிர்ப்பு எழுந்து, விவகாரம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தடையின் சட்டத் தகுதி ஒருபுறம் இருக்கட்டும்; அதன் பின்னாலிருக்கும் காரணத்தில் பிழையில்லை. இந்த இனங்களைக் குட்டியாக வாங்கும் ஒவ்வொருவரும் அடுத்த ஈற்றுக்கு ஆர்டர் கொடுக்கிறார். கைவிடப்பட்ட ஹஸ்கியை எடுத்து ஏசி அறையில் பார்த்துக்கொள்பவர் அப்படிச் செய்வதில்லை.

அயல் இனம் வேண்டாம், நாட்டு இனம் வாங்கு என்பதும் முழு விடை ஆகாது. பிரதமர் 2020 ஆகஸ்டில் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகியவற்றின் பெயரைச் சொன்னதும் இவற்றின் மேல் புது மோகம் பிறந்தது. சிப்பிப்பாறையும் கன்னியும் தென் மாவட்டக் கரிசல் காட்டில் முயலை விரட்டிப் பிடிக்க உருவானவை. கண்ணில் அசைவு பட்டால் பாய்வது அவற்றின் இயல்பு. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைக்கு வழியில்லை. கால்களில் உள்ள ஓட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. இரண்டு படுக்கையறை வீட்டில் அடைத்தால் அந்த ஓட்டம் சுவரைப் பிறாண்டும். ராஜபாளையமும் கோம்பையும் காவலுக்கு நின்றவை. வீட்டுக்கு வரும் விருந்தாளியெல்லாம் தலையைத் தடவிக் கொஞ்சுவதை அவை விரும்பும் என்று எதிர்பார்க்கக் கூடாது. மண்ணுக்குப் பொருந்தினால் போதாது. வீட்டுக்கும் பொருந்த வேண்டும்.

பல்லையும் பாதத்தையும் பாருங்கள்

வளர்ந்த ஜாதி நாய்கள் மூன்று வழிகளில் கிடைக்கின்றன: வைத்துக்கொள்ள முடியாத குடும்பங்கள், காப்பகங்கள், குட்டி ஈன்று முடித்த தாய் நாய்களை வெளியே கொடுக்கும் வளர்ப்பாளர்கள். எங்கிருந்து வந்தாலும், சொல்லப்படும் கதையைவிட நாயின் உடம்பு உண்மையைச் சொல்லும்.

கழுத்தில் வட்டமாக ரோமம் தேய்ந்திருந்தால், நாளெல்லாம் சங்கிலியில் கிடந்த நாய். நகம் நீண்டு வளைந்திருந்தால், சாலையில் நடந்து பல நாளாகிறது. பெரிய நாயின் முழங்கையில் ரோமம் உதிர்ந்து தோல் தடித்திருந்தால், வெறும் சிமெண்டுத் தரையில் படுத்துப் பழகியது. மடிக்காம்புகள் நீண்டு தொங்கினால், ‘ஒரே ஒரு முறைதான் குட்டி போட்டது’ என்பதை நம்ப வேண்டாம். உதட்டைத் தூக்கிப் பாருங்கள்: பல்லின் காறை ஓரளவு வயதைச் சொல்லும், ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம்; ரத்தப் பரிசோதனை செய்யாமல் அழைத்துவரக் கூடாது. உண்ணியைக் காதின் உள்மடிப்பிலும் கால் விரல்களுக்கு இடையிலும் தேட வேண்டும். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும்; துருத்திக்கொண்டும் இருக்கக் கூடாது, கொழுப்புக்குள் புதைந்தும் இருக்கக் கூடாது.

பிறகு பேச்சு. ‘ஏன் கொடுக்கிறீர்கள்?’ என்ற கேள்விக்குப் பெரும்பாலும் நாகரிகமான பதில்தான் வரும். ‘இதுவரை யாரையாவது கடித்திருக்கிறதா? எப்போது, எதற்கு?’ என்று நேராகக் கேளுங்கள். சாப்பிடும்போது பக்கத்தில் போனால் உறுமுமா, பட்டாசுக்கு என்ன செய்யும், வீட்டில் தனியாக எத்தனை மணி நேரம் இருந்திருக்கிறது என்று கேளுங்கள். ஒரே சந்திப்பில் முடிவெடுக்காமல், வேறு வேறு நேரத்தில் போய், நீங்களே பிடித்துக்கொண்டு அந்தத் தெருவில் ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். தடுப்பூசிப் புத்தகம், மைக்ரோசிப் எண், இருந்தால் கென்னல் கிளப் பதிவுச் சான்று ஆகியவற்றைக் கையோடு வாங்கிக்கொள்ள வேண்டும். பதிவுச் சான்று, வம்சாவளிக்குத்தான் சாட்சி, ஆரோக்கியத்துக்கு அல்ல. அதற்குக் கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

வளர்ப்பாளரிடம் இருந்து வரும் தாய் நாய்களுக்குத் தனிப் பொறுமை தேவை. 2017-ன் மத்திய அரசு விதிகள், ஐந்து ஈற்றுக்கு மேல் ஒரு நாயை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, ஆண்டுக்கு ஒன்றுக்கு மேல் கூடாது என்கின்றன. வளர்ப்பாளர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. நடைமுறையில் கூண்டே உலகமாக ஐந்தாறு ஆண்டு வாழ்ந்த நாய்கள் வெளியே வருகின்றன. மாடிப்படி ஏறத் தெரியாமல் நிற்கும். மிக்ஸி சத்தத்துக்குக் கட்டிலுக்கு அடியில் ஒளியும். அவற்றைக் குறையுள்ளவை என்று ஒதுக்க வேண்டாம். வீடு என்பதை அவை ஐந்து வயதில் முதன்முதலாகப் பார்க்கின்றன.

முதல் மூன்று மாதம்

மீட்புப் பணியில் இருப்பவர்கள் உலகெங்கும் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: திகைப்பு தெளிய மூன்று நாள், வீட்டின் நடைமுறை பிடிபட மூன்று வாரம், இது என் வீடு என்ற எண்ணம் வர மூன்று மாதம். துல்லியமான விதி இல்லை என்றாலும், அவசரக்காரர்களுக்கு நல்ல கடிவாளம். முதல் நாள் சாப்பிடாவிட்டால் பதறத் தேவையில்லை; இரண்டாம் நாளும் தொடர்ந்தால் மருத்துவரைக் கேளுங்கள். பழைய வீட்டில் சாப்பிட்டதையே ஒரு வாரம் கொடுத்து, மெல்ல மெல்ல மாற்ற வேண்டும். வந்த அன்றே குளிப்பாட்டுவது, உறவினர்களை வரவழைத்துக் காட்டுவது, பிள்ளைகள் கட்டிப்பிடித்து செல்ஃபி எடுப்பது மூன்றும் வேண்டாம். தூங்கும் நாயையும் சாப்பிடும் நாயையும் தொடக் கூடாது என்பதை நாய்க்குக் கற்றுத்தருவதற்கு முன் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டும்.

நாய் தப்பி ஓடும் ஆபத்து அதிகமுள்ளதும் இந்தச் சமயத்தில்தான். பழைய வீட்டைத் தேடிப் போகும்; பால்காரர் கேட்டைத் திறக்கும் ஒரு நொடி போதும். கழுத்துப் பட்டையில் செல்பேசி எண்ணை முதல் நாளே எழுதிக் கட்டிவிடுங்கள். மொட்டைமாடியில் தனியே கட்டிப்போட்டுப் ‘பழக்குவது’ நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. இடமிழந்து வந்த நாயை இன்னொரு முறை தனிமைப்படுத்தும் வேலை அது.

பத்தாண்டுக் கணக்கு

லேப்ரடார் 10 முதல் 12 ஆண்டு வாழும். கிரேட் டேன் போன்ற மிகப் பெரிய இனங்களின் ஆயுள் அதைவிடக் குறைவு. ஐந்து வயதில் எடுத்தால் பாதிக் காலம்தான் கூட இருக்கும். இந்த இழப்பை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஐம்பத்தைந்து வயதில் ஓய்வை நெருங்கும் தம்பதிக்கு, ஓடியாடும் வயதைக் கடந்துவிட்ட நாயே ஏற்ற துணை.

பொறுப்பு என்பது பெரும்பாலும் தினசரி வேலை. காலை, மாலை நடை. தார்ச் சாலையில் புறங்கையைச் சில விநாடிகள் வைக்க முடியாவிட்டால், நாயின் பாதமும் தாங்காது. ஆண்டுதோறும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, எலிக்காய்ச்சல் உள்ளிட்டவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசி, உரிய இடைவெளியில் குடற்புழு நீக்கம், மாதந்தோறும் உண்ணி மருந்து. சாக்லேட், திராட்சை, வெங்காயம், சமைத்த கோழி எலும்பு கூடாது. கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு நடுவயதில் கருப்பையில் சீழ் வைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். ‘ஒரு தடவையாவது தாயாகட்டுமே’ என்ற இரக்கம் அதற்கு எந்த நன்மையும் செய்வதில்லை. தெருவுக்கு வரக்கூடிய இன்னும் சில குட்டிகளைத்தான் பிறப்பிக்கிறது.

பொறுப்புக்கு இன்னொரு பக்கம், அண்டை வீட்டார். 2024 மே மாதம் சென்னை ஆயிரம்விளக்கு பகுதியில் மாநகராட்சிப் பூங்காவுக்குள் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறியதை யாரும் மறந்திருக்க முடியாது. எந்த இனத்தைத் தடை செய்வது என்ற விவாதம் தொடரட்டும். வலுவான தாடையுள்ள காவல் நாய், முதன்முறையாக நாய் வளர்ப்பவருக்கு உரியதல்ல. பொது இடத்தில் கயிறும் வாய்மூடியும் இல்லாமல் அதை விடக் கூடாது. விலங்கை அலட்சியமாகக் கையாண்டு ஆபத்து விளைவிப்பவருக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு.

ஐம்பது ரூபாய்ச் சட்டம்

நாயால் பிறருக்கு ஆபத்து வந்தால் சிறை. நாயையே நடுத்தெருவில் விட்டால்? 1960-ன் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி, வளர்ப்பு விலங்கைப் பசியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிடுவது குற்றம்தான். முதல் முறை செய்பவருக்கான அபராதம் 10 முதல் 50 ரூபாய். ஒரு பாக்கெட் நாய் பிஸ்கட்டின் விலைகூட வராது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தத் தொகை மாறவில்லை.

அபராதத்தை உயர்த்துவது நாடாளுமன்றத்தின் வேலை. அதுவரை காத்திருக்காமல் உள்ளாட்சிகள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி, மைக்ரோசிப் பொருத்தச் சொல்கிறது. தோலுக்கடியில் போகும், அரிசி மணி அளவேயான அந்தச் சில்லில் ஒரு பதினைந்து இலக்க எண் இருக்கிறது. அந்த எண்ணோடு இன்றைய உரிமையாளரின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. முதலில் விற்ற வளர்ப்பாளரின் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். நாய் கைமாறும்போது, வண்டிக்குப் பெயர் மாற்றுவதுபோல இங்கும் மாற்றியாக வேண்டும். தெருவில் திரியும் ஒரு ஜாதி நாயைப் பிடித்து ஸ்கேனரை வைத்தால், கைவிட்டவர் யார், விற்றவர் யார் என்பது அங்கேயே தெரிய வேண்டும். விற்ற நாயை எந்த வயதிலும் திரும்ப எடுத்துக்கொள்வேன் என்ற உறுதிமொழியை வளர்ப்பாளர் பதிவுக்கே நிபந்தனையாக்கலாம். நாணயமான வளர்ப்பாளர்கள் சிலர் இதைக் கேட்காமலே செய்கிறார்கள். மற்றவர்களிடம் இதைக் கேட்டால் ஆண்டுக்கு எத்தனை குட்டி விற்கலாம் என்று ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பார்கள்.

உரிமம் வழங்கும் அதே இணையதளத்தில், வீடு தேடும் வளர்ந்த நாய்களின் பட்டியலும் இடம்பெறலாம். 1959 முதல் சென்னையில் இயங்கும் புளூ கிராஸ் போன்ற அமைப்புகளிடம் இருக்கும் நாய்களின் விவரம் அதில் சேர்ந்தாலே, குட்டி தேடுபவரின் கண்ணில் முதலில் அது படும். இதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை.

இதெல்லாம் வரும்வரை, வாங்குகிறவரின் கையில் ஒரு முடிவு இருக்கிறது. ஒவ்வொரு குட்டிக்கும் கட்டப்படும் முன்பணம், விற்பவரிடம் ‘இன்னும் வேண்டும்’ என்று சொல்கிறது. அதைக் கட்டுவதற்கு முன், அதே இனத்தில் வளர்ந்த நாய் ஒன்று எங்கே இருக்கிறது என்று ஒரு மாதம் தேடிப் பார்க்கலாம். தேடவும் பொறுமை இல்லை என்றால், பத்தாண்டு வளர்க்கும் பொறுமை நமக்கு இருக்கிறதா என்பதற்கும் அப்போதே விடை கிடைத்துவிடும்.